ஐயாயிரம் அடிக்கோடு

"கங்கை கலங்கி வருகுது. மலையில நல்ல மழ போல."

நான் சிறுவனாக இருந்த காலத்தில் எங்கள் மூதூர் வீட்டில் அடிக்கடி கேட்ட பேச்சு இது. ஆனி, ஆடி மாதங்களில் எங்கள் பக்கம் வானம் வெளித்துக் கிடக்கும். கச்சான் காற்று புழுதியை வாரி இறைக்கும். ஒரு துளி மழை இராது. ஆனால் மகாவலி கங்கை மட்டும் செந்நிறமாகப் பெருகி வரும். அதைப் பார்த்துவிட்டு உம்மா மலையின் மழையைச் சொல்வார்.

அந்தக் கங்கை கொட்டியாரக் குடாவில் கடலோடு கலக்கிறது. அதன் அருகிலேயே பிறந்து, அதன் தண்ணீரிலேயே சோறாக்கி, அதை மிதவைப் பாதையில் கடந்து உறவினர் வீடுகளுக்குப் போய் வந்தவர் உம்மா. கங்கை தொடங்குகின்ற மலையை அவர் ஒருநாளும் கண்டதில்லை. "எந்த மலை உம்மா?" என்று கேட்டால், "அது மேல எங்கயோ இரிக்கி மகன்" என்பார். அவ்வளவுதான் அவருடைய புவியியல்.

உண்மையைச் சொன்னால், மௌலவி ஆசிரியனாகிய என்னுடைய புவியியலும் அதைவிட அதிகமாக இருக்கவில்லை. 2018ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் அந்த 'மேல எங்கயோ'வைக் காணும் வாய்ப்பு அல்லாஹ்வின் அருளால் எனக்குக் கிடைத்தது. எங்கள் பாடசாலை உயர்தர வகுப்பு மாணவியரை ஹோட்டன் சமவெளிக்குக் கல்விச் சுற்றுலா அழைத்துச் செல்லத் தீர்மானித்தார்கள். புவியியல் டீச்சர், அவருடைய கணவர், இன்னொரு ஆசிரியை, இவர்களோடு பொறுப்பாக நானும் சென்றேன்.

சிரட்டையும் தண்ணீரும்

புறப்படுவதற்கு முதல் வாரம் டீச்சர் வகுப்பறையில் ஒரு வேடிக்கை செய்தார். ஒரு பேசினின் நடுவில் சிரட்டை ஒன்றைக் கவிழ்த்து வைத்தார். விரல் அளவு தண்ணீர் ஊற்றினார். தண்ணீர் சிரட்டையைத் தொட்ட இடத்தில் சுற்றிவரச் சோக்கால் கோடு போட்டார். பிறகு இன்னும் ஒரு விரல் அளவு தண்ணீர், இன்னொரு கோடு. சிரட்டை மூழ்கும் வரை இப்படியே செய்து, தண்ணீரை ஊற்றிவிட்டு, "இப்போது மேலே நின்று நேரே கீழே பாருங்கள்" என்றார்.

பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். வாசலில் நின்ற நானும் எட்டிப் பார்த்தேன். வட்டத்துக்குள் வட்டமாகக் கோடுகள் தெரிந்தன. சிரட்டையின் ஓரத்தில், சரிவு செங்குத்தாக இருக்கும் இடத்தில், கோடுகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நின்றன. உச்சியில், தட்டையான இடத்தில், விலகி அகன்று கிடந்தன.

"இதுதான் சமவுயரக்கோடு. ஒரு கோட்டின்மேல் எங்கே நின்றாலும் ஒரே உயரம். இந்தக் கோடு நிலத்தில் கிடையாது. படத்தில் மட்டுந்தான் உண்டு. ஆனால் படத்தில் அதைப் பார்த்தால் நிலம் முழுவதும் கண்ணுக்குத் தெரியும். நாம் போகப்போகும் சமவெளியும் இந்தச் சிரட்டை மாதிரித்தான். மேலே தட்டை, ஓரத்தில் பள்ளம்."

சகோதரிகளே, அளவைக்காரர் என்றதும் நம் வீடுகளில் நினைவுக்கு வருவது காணிப் பிரிப்புத்தான். பத்துப் பேர்ச்சோ பதினைந்து பேர்ச்சோ, மதில் எந்தப் பக்கம் வரும், கிணறு யாருக்கு என்ற பேச்சுத்தான். அதே அளவைக்காரர்கள்தான் மனிதர் நடமாட்டமே இல்லாத மலைக்காட்டையும் அங்குலம் அங்குலமாக அளந்து தாளில் இறக்கியிருக்கிறார்கள். எப்படி என்பதை நான் றெயிலில் போகும்போதுதான் கேட்டறிந்தேன்.

கங்கையை எதிர்த்து ஒரு பயணம்

மூதூரிலிருந்து பஸ்ஸில் கண்டி வரை சென்று, மறுநாள் பேராதனையில் பதுளை றெயில் ஏறினோம். கம்பளையைத் தாண்டும்போது பாதையின் ஓரத்தில் மகாவலி ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் கடல்போல் அகன்று கிடக்கும் கங்கை, இங்கே பாறைகளுக்கிடையில் சின்னப் பிள்ளையைப்போலத் துள்ளிக்கொண்டிருந்தது. "மௌலவி, 335 கிலோமீற்றர் ஓடித்தான் நம்மட ஊருக்கு இது வருகிறது" என்றார் டீச்சர்.

மலையில் ஏறாமலே மலையின் உயரத்தை எப்படி அளப்பது என்று ஒரு மாணவி கேட்டாள். இதற்கு விடை சொல்ல எனக்கு ஆசை வந்துவிட்டது. ஏனென்றால் இது அரபுக் கல்லூரியில் எங்கள் உஸ்தாத் சொல்லித் தந்த கதை. ஏறக்குறைய ஆயிரம் வருடங்களுக்கு முன், இன்றைய பாகிஸ்தானின் பஞ்சாப் பகுதியில் நந்தனா என்ற கோட்டையில் அறிஞர் அல்பிரூனி தங்கியிருந்தார். அங்கே சமவெளியில் நின்று மலையுச்சியை ஒரு கோணத்தில் பார்த்தார். பிறகு ஒரே நேராக அளந்த தூரம் நடந்து, இன்னொரு கோணத்தில் பார்த்தார். இரண்டு கோணமும் நடுவிலுள்ள தூரமும் தெரிந்தால் மலையின் உயரத்தைக் கணக்கிட்டுவிடலாம். பிறகு அந்த மலையுச்சிக்கே ஏறி, அடிவானம் எவ்வளவு தாழ்ந்து தெரிகிறது என்று அளந்து, பூமி உருண்டையின் அளவையே கணித்தார். அவர் கண்ட விடை இன்றைய அளவுக்கு மிகவும் அண்மையானது.

"நம்முடைய அளவையாளர்கள் செய்ததும் அடிப்படையில் அதுதான்" என்று டீச்சர் தொடர்ந்தார். நில அளவைத் திணைக்களம் 1800ஆம் ஆண்டு ஓகஸ்ட் 2ஆம் திகதி தொடங்கப்பட்டது. நாட்டிலுள்ள மிகப் பழைய திணைக்களங்களில் அது ஒன்று. நீர்கொழும்புப் பகுதியிலும் மட்டக்களப்புப் பகுதியிலும் நிலத்தில் ஒரு நேர்கோட்டை மிகக் கவனமாக அளந்து வைத்துக்கொண்டார்கள். அந்தக் கோட்டின் இரு நுனிகளிலும் நின்று தூரத்து மலையுச்சியைத் தியோடலைற்றுக் கருவியால் பார்த்துக் கோணம் எடுத்தார்கள். ஒரு முக்கோணம் கிடைத்தது. அதன் பக்கத்திலிருந்து இன்னொரு முக்கோணம். இப்படி உச்சியிலிருந்து உச்சிக்குத் தாவி இலங்கை முழுவதையும் முக்கோணங்களால் மூடினார்கள்.

இந்தக் கணக்கின் நடுவிடமாகப் பீதுருதாலகால மலையை வைத்தார்கள். 2,524 மீற்றர் உயரமான அதுவே நாட்டின் மிக உயர்ந்த மலை. மீற்றர் அளவுக்கு மாறியபோது அந்த உச்சிக்குக் கிழக்கே 200,000 மீற்றர், வடக்கே 200,000 மீற்றர் என்று எண் கொடுத்தார்கள். ஏன் பூச்சியம் கொடுக்கவில்லை? பூச்சியம் கொடுத்தால் அதற்கு மேற்கேயும் தெற்கேயும் உள்ள ஊர்களுக்கெல்லாம் கழித்தல் குறி போட வேண்டி வரும். எந்த ஊரும் கழிபடாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு என்று டீச்சர் சொன்னபோது பிள்ளைகள் சிரித்தார்கள்.

உச்சிகள் கிடைத்தாயிற்று. நடுவிலுள்ள ஓடை, பள்ளம், காடு எல்லாம்? அதற்கு நடந்துதான் ஆகவேண்டும். 1897இல் தொடங்கி 1924 வரை அந்த நடை நடந்தது. முக்காலியில் பொருத்திய ஒரு பலகை மேசை, அதன்மேல் தாள், பார்வைக் கோல். தெரிந்த மலையுச்சிகளைப் பார்த்துத் தாளில் தன் இடத்தைக் குறித்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரிவதை அங்கேயே வரைவது. ஒரு மைல் நிலம் தாளில் ஓர் அங்குலம். இப்படி 72 தாள்களில் இலங்கை முழுவதும் வந்தது. மேசையைச் சுமந்தவர்கள், கத்தியால் வழி வெட்டியவர்கள், சங்கிலி பிடித்தவர்கள், அட்டைக்கடியில் இரத்தம் சிந்தியவர்கள் ஆகியோரின் பெயர் எந்தத் தாளிலும் இல்லை. தாளின் ஓரத்தில் பெரிய அதிகாரியின் பெயர்தான் இருக்கும். சமையலறையில் நிற்பவரின் பெயர் கலியாணக் கார்ட்டில் வருவதில்லை அல்லவா? அதைப்போலத்தான்.

1956இல் விமானத்திலிருந்து நாடு முழுவதையும் படம் எடுத்தார்கள். இன்று செய்மதியும் வந்துவிட்டது. இப்போது பயன்படுவது 92 தாள்கள் கொண்ட மீற்றர் படம். அதில் இரண்டு சென்ரிமீற்றர் என்பது நிலத்தில் ஒரு கிலோமீற்றர். டீச்சரின் கைப்பையில் இருந்தது அதில் ஒரு தாள். கபிலக் கோடு உயரம், நீலக் கோடு தண்ணீர், பச்சை நிறம் காடு.

ஹட்டன் பக்கம் வந்தபோது மேற்கே ஒரு கூம்பு மலை தெரிந்தது. பாவா ஆதம் மலை என்று நம் முன்னோர் சொன்ன மலை. 1344இல் இப்னு பதூதா அதில் ஏறினார். பாவா வழி, மாமா வழி என இரண்டு பாதைகள் இருந்ததையும், ஏறுவதற்குக் கட்டியிருந்த இரும்புச் சங்கிலிகளையும் அவர் தம் பயணநூலில் சொல்கிறார். அவரிடம் படம் இருக்கவில்லை. வழி தெரிந்தவர்கள் துணைக்கு வந்தார்கள். அந்தக் காலத்தில் மலையின் படம் மனிதர்களின் காலிலும் நாவிலும் இருந்தது.

பட்டிபொல நிலையம் தாண்டி, றெயில் பாதையின் உச்சியில் ஒரு பலகை நின்றது: கடல் மட்டத்துக்கு மேல் 6,226 அடி. அதைத் தாண்டிச் சுரங்கத்துக்குள் நுழைந்து வெளியே வந்தால் அடுத்தது ஓஹிய. நாங்கள் இறங்க வேண்டிய இடம்.

மூடுபனியில் கிடைத்த பாடம்

ஓஹியவில் தங்கிய வீட்டில் மக்ரிபுக்குத் தக்பீர் கட்டும் நேரம் கிப்லா எந்தப் பக்கம் என்ற குழப்பம் வந்தது. சூரியன் இல்லை, நட்சத்திரம் இல்லை, எங்கும் வெள்ளைப் புகார். டீச்சரின் திசைகாட்டியும் படமும் கைகொடுத்தன. நம் நாட்டிலிருந்து கிப்லா நேர் மேற்கு அல்ல. மேற்கிலிருந்து ஏறத்தாழ 24 பாகை வடக்கே திரும்ப வேண்டும். மார்க்கம் கற்பிப்பவன் நான். திசை காட்டியவர் டீச்சர். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இருக்கவில்லை. வெட்கப்பட வேண்டியது மறுநாள்தான் வந்தது.

சுபஹ் தொழுதுவிட்டு வேன்களில் ஏறினோம். பூங்காவின் வாசலில் உத்தியோகத்தர்கள் எங்கள் பைகளைத் திறந்து பார்த்தார்கள். இடியப்பப் பார்சல்களைச் சுற்றியிருந்த பொலித்தீனையெல்லாம் கழற்றச் சொன்னார்கள். மான்கள் அதைத் தின்று செத்துப்போகுமாம். பிள்ளைகள் சம்பலையும் இடியப்பத்தையும் தூக்குச்சட்டிகளுக்குள் மாற்றிய காட்சி ஒரு கலியாண வீட்டுச் சமையலறை போல இருந்தது.

ஹோட்டன் சமவெளி கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றர் அளவில் விரிந்து கிடக்கிறது. 3,160 ஹெக்டேயர். சிங்களத்தில் அதற்கு மகா எலிய என்று பெயர். ஆங்கிலேயர் 1834இல் இதைக் 'கண்டுபிடித்து' அப்போதைய ஆளுநர் வில்மட் ஹோட்டனின் பெயரை வைத்தார்கள். காய்ந்த பொன்னிறப் புல்வெளி. அதன் ஓரங்களில் குள்ளமான, கோணல் மாணலான மரங்களின் காடு. மரமெல்லாம் பாசி. மழை பெய்யவில்லை. ஆனால் ஒவ்வொரு பாசி நுனியிலும் ஒரு துளி தொங்கியது. தொட்டேன், உடைந்து என் மணிக்கட்டு வரை வழிந்தது.

"மழை பெய்தால்தான் தண்ணீர் என்றில்லை, மௌலவி. மேகம் இந்தக் காட்டுக்குள்ளால் போகும்போது மரம் அதைப் பிடித்துக்கொள்கிறது. பிறகு துளித்துளியாக மண்ணுக்குள் இறக்குகிறது. மண் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஓடைக்கு விடுகிறது. நம்மட ஊரில் கோடையிலும் கங்கையில் தண்ணீர் ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம்."

ஒன்பது கிலோமீற்றர் சுற்றுப் பாதை. சின்ன உலக முடிவைக் கடந்து பெரிய உலக முடிவை நோக்கி நடக்கும்போது மூடுபனி இறங்கிவிட்டது. முன்னால் போகும் பிள்ளையின் பர்தா மட்டுமே தெரிந்தது. எனக்கு ஓர் அவசரம். பிள்ளைகளுக்கு முன்னால் போய் நல்ல இடம் பார்த்து வைக்கலாம் என்று நினைத்து, பாதையை விட்டு இடது கைப்பக்கம் புல்லுக்குள் இறங்கினேன். நிலம் தட்டையாகத்தான் இருந்தது.

"மௌலவி! அப்படியே நில்லுங்க!"

டீச்சரின் குரல். பாடசாலையில் அவர் அப்படிச் சத்தமிட்டு நான் கேட்டதில்லை. நின்றேன். "அடிச்ச காலடியிலேயே திரும்பி வாங்க" என்றார். வந்தேன். அவர் பாதையில் அமர்ந்து படத்தை விரித்துக் கைவிரலை வைத்தார். "நாம் இங்கே நிற்கிறோம்." விரலுக்குப் பக்கத்தில் கபிலக் கோடுகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே தடித்த கறைபோல் கிடந்தன. சிரட்டையின் ஓரம்!

பத்து நிமிடம் அப்படியே இருந்தோம். காற்று ஒரு முறை வீசியது. மூடுபனி திரை விலகுவதுபோல விலகியது. நான் இறங்கிய புல்வெளி பத்துப் பதினைந்து அடியில் முடிந்தது. அதற்கப்பால் ஒன்றுமில்லை. எண்ணூறு மீற்றருக்கும் அதிகமான பள்ளம். அடியில், தீப்பெட்டி அளவில் தோட்டத்து வீடுகள். என் கால்கள் நடுங்கின. பிள்ளைகள் முன்னால் காட்டிக்கொள்ளாமல் "அல்ஹம்துலில்லாஹ்" என்று மட்டும் சொன்னேன்.

என் கண்ணுக்கு அது தட்டையான நிலம். அங்கு முன்பு நடந்து அளந்தவர்களுக்கு அது பள்ளம். அவர்கள் எழுதி வைத்துவிட்டுப் போனதை ஒருவர் வாசிக்கத் தெரிந்திருந்ததால் இன்று இதை நான் எழுதுகிறேன்.

அன்று எனக்கு இரண்டாவது பாடமும் இருந்தது. திரும்பும் வழியில் பேக்கர் நீர்வீழ்ச்சி. தெளிந்த தண்ணீர் பாறையில் விழுந்து ஓடியது. உம்மாவுக்குக் காட்டவென்று பையில் ஒரு பிளாஸ்க் வைத்திருந்தேன். "கங்கை தொடங்குமிடத்துத் தண்ணீர்" என்று சொல்லி அதில் பிடிக்கப் போனேன். டீச்சர் தலையாட்டினார். "இங்கிருந்து எதையும் எடுத்துப்போகக் கூடாது. அதோடு இது நம்மட கங்கையும் இல்லை." படத்தில் அந்த நீலக்கோட்டை விரலால் தொடர்ந்தார். அது தெற்கே திரும்பியது. பெலிஹுல் ஓயாவாகி, வளவை கங்கையில் சேர்ந்து, அம்பலாந்தோட்டைப் பக்கம் கடலுக்குப் போகிற தண்ணீர்! எங்கள் கங்கைக்குப் போகும் அக்ர ஓயா மேட்டுக்கு மறுபக்கம் வடக்கே இறங்குகிறது. அது கொத்மலை ஓயாவோடு சேர்ந்து மகாவலியாகிறது. மேற்கே பொகவந்தலாவைப் பக்கம் இறங்கும் தண்ணீர் களனியாகிக் கொழும்புக்குப் போகிறது. ஒரே சமவெளி. ஒரே மேகம். ஒரு துளி மேட்டின் எந்தப் பக்கம் விழுகிறது என்பதைப் பொறுத்து அது மூதூர்க் குடத்துக்கோ, அம்பலாந்தோட்டை வயலுக்கோ, கொழும்புக் குழாய்க்கோ போகிறது.

கோடு காப்பாற்றிய காடு

மதியச் சாப்பாட்டின்போது ஒரு மாணவி கேட்டாள். "டீச்சர், வழியெல்லாம் தேயிலை, தேயிலை, தேயிலை. இங்க மட்டும் எப்படிக் காடு மிஞ்சியது?"

இந்த எழுத்தின் தலைப்புக்கு இப்போதுதான் வருகிறேன்.

மலைநாட்டை அளந்தது முதலில் காப்பதற்காக அல்ல, விற்பதற்காக. 1840ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, உறுதி காட்ட முடியாத காட்டு நிலமெல்லாம் முடிக்குரியது என்றது. பரம்பரையாகச் சேனை செய்து மாடு மேய்த்த கிராமத்தவரிடம் எழுத்து ஏது? அளவைக்காரர் வந்து கல் நட்டார். காணி துரைமாருக்குக் கைமாறியது. காடு விழுந்து கோப்பி எழுந்தது. அந்தத் தோட்டங்களில் உழைக்கத் தென்னிந்தியாவிலிருந்து ஏழை மக்கள் கால்நடையாக வந்தார்கள். 1869இல் இலை நோய் வந்து கோப்பியைத் தின்றது. அதன் இடத்தில் தேயிலை ஏறியது.

இந்த வேகத்தில் போனால் மலையுச்சி வரை ஒரு மரமும் மிஞ்சாது என்ற நிலையில், 1873இல் இலண்டன் கியூ தாவரப் பூங்காவின் பணிப்பாளர் ஜோசப் ஹூக்கர் ஓர் ஆலோசனை சொன்னார். ஐயாயிரம் அடிக்கு மேலுள்ள காட்டைத் தொடவேண்டாம். அதை வெட்டினால் ஆறுகளின் தலை காய்ந்துவிடும் என்பதே அதன் சாரம். அரசாங்கமும் அதை ஏற்று, அதற்கு மேலுள்ள முடிக்குரிய காட்டை வெட்டுவதையும் விற்பதையும் தடை செய்தது. ஐயாயிரம் அடி என்பது இன்றைய கணக்கில் 1,524 மீற்றர்.

இதில் ஒரு விசேஷம் பாருங்கள். அந்தத் தடை வந்தபோது அந்தக் கோடு எந்தத் தாளிலும் வரையப்பட்டிருக்கவில்லை. சொல்லாகத்தான் இருந்தது. 24 வருடங்களுக்குப் பிறகுதான் அளவையாளர்கள் மேசையைத் தூக்கிக்கொண்டு போய் அதைத் தாளில் இறக்கத் தொடங்கினார்கள். அதன்பின் "இந்த மரம் கோட்டுக்கு மேலேயா, கீழேயா?" என்ற சண்டைக்குச் சாட்சி வந்துவிட்டது.

அதற்கு முன்பே விற்ற காணிகளை அந்தக் கோடு மீட்டுத்தரவில்லை. ஆறாயிரம் அடிக்கு மேலுள்ள நுவரெலியாவைச் சுற்றித் தேயிலையும் மரக்கறியும் நிற்பதை நாம் காண்கிறோம். பின்னாளிலும் கோடு மீறப்பட்டது. 1960களில் இந்தச் சமவெளியின் புல்லைப் புரட்டி உருளைக்கிழங்கு பயிரிட்டார்கள். ஆனால் கோடு என்ற ஒன்று இருந்ததால்தான் திரும்பி வர ஓர் இடம் இருந்தது. 1969இல் ஹோட்டன் சமவெளி இயற்கை ஒதுக்கிடமாகியது; 1988இல் தேசிய பூங்காவாகியது. மேற்கே அதை ஒட்டிப் பாவா ஆதம் மலை வரை போகும் காடு 1940இலேயே சரணாலயமாகியிருந்தது. 2010இல் இவையிரண்டும் நக்கிள்ஸ் மலைக்காடும் சேர்ந்து யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றன.

விற்பதற்காக அளந்த அதே கை, காப்பதற்கும் கோடு கீறியிருக்கிறது. கோட்டில் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. அதைக் கையில் வைத்திருப்பவரின் எண்ணத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

வாசித்தும் நடவாதபோது

திரும்பும்போது அப்புத்தளை, பதுளை, மகியங்கனை வழியாக ஊருக்கு வந்தோம். தியத்தலாவைக்கு அண்மையில் செல்லும்போது, இலங்கையின் அளவையாளர்கள் பயிற்சி பெறும் நிறுவனம் இங்கேதான் இருக்கிறது என்று டீச்சர் காட்டினார். "படித்து அங்கே போங்கள். பெண்பிள்ளைகளும் போகலாம்" என்று மாணவியருக்குச் சொன்னார்.

அதற்குமுன் அப்புத்தளையில் தேநீர் குடிக்க இறங்கியபோது அவர் தென்கிழக்குப் பக்கம் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பக்கம் கொஸ்லந்தை, மீரியபெத்தைத் தோட்டம். 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, மலைச்சரிவு இறங்கி லயன் வீடுகளை மூடிய இடம். பாடசாலைக்குப் போன பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, தாயும் இல்லை.

"அந்தச் சரிவு ஆபத்தானது என்று முன்னரே அடையாளம் கண்டிருந்தார்கள், மௌலவி. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மலைமாவட்டங்களுக்கு மண்சரிவு அபாயப் படம் வரைகிறது. சரிவு எவ்வளவு, மண் எது, தண்ணீர் எப்பக்கம் என்றெல்லாம் இதே சமவுயரக்கோட்டை வைத்துத்தான் கணக்குப் பார்க்கிறார்கள். அங்குள்ள மக்களை எச்சரித்தும் இருந்தார்கள். ஆனால் எச்சரிக்கை மட்டும் போதுமா? போய் இருக்க வேறு வீடு வேண்டுமே."

அதற்குப் பிறகு பஸ்ஸில் வெகுநேரம் யாரும் பேசவில்லை. மூடுபனியில் டீச்சர் "நில்லுங்க" என்றபோது எனக்குத் திரும்பி வர ஒரு பாதை இருந்தது. மீரியபெத்தை மக்களுக்கு எங்கே பாதை இருந்தது? படம் அறிந்திருந்தது. வாசித்தவர்களும் அறிந்திருந்தார்கள். நடந்துகொள்ள வேண்டியவர்கள் நடந்துகொள்ளவில்லை. அளந்து வைத்த அறிவு ஓர் அமானிதம். அதைப் பெட்டிக்குள் பூட்டி வைப்பதும் அமானிதத்துக்குச் செய்யும் மோசடிதான்.

உம்மாவின் விரல்

வீட்டுக்கு வந்ததும் டீச்சரிடம் இரவல் வாங்கிய படத்தை உம்மாவின் முன் பாயில் விரித்தேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். எழுத்து வாசிக்க அவருக்குச் சிரமம். ஆனால் நீலக்கோட்டைக் காட்டியதும் விரலை அதன்மேல் வைத்தார். அக்ர ஓயாவிலிருந்து மெதுவாக இழுத்துக்கொண்டு வந்தார். தாள் முடிந்துவிட்டது.

"இங்கால?"

"இங்கால வேறு தாள் உம்மா. இன்னும் பல தாள் தாண்டித்தான் நம்மட ஊர் வரும்."

கொத்மலை, பேராதனை, பொல்கொல்லை, விக்டோரியா, மகியங்கனை, மனம்பிட்டி என்று வழியைச் சொன்னேன். பொல்கொல்லையில் 1976 முதல் கங்கையின் ஒரு பகுதியை வேறு பக்கம் திருப்புகிறார்கள் என்றும், விக்டோரியாவில் பெரிய அணை இருக்கிறது என்றும் சொன்னேன். உம்மா தலையை ஆட்டினார்.

"அதான் முந்தி மாதிரி தண்ணி வாறதில்ல. நம்மட கிணறும் கோடையில உவர்க்குது. மண்ணள்ளுற லொறியும் ஓயுறதில்ல." தமக்குத் தெரிந்த கங்கையின் கதையை என் படத்துக்கு மேலே அவர் எழுதிக்கொண்டிருந்தார்.

"உம்மா, உங்களுக்குக் கங்கை தொடங்குற இடத்துத் தண்ணி கொஞ்சம் கொண்டு வர நினைச்சன். அங்க எடுக்க உடல்ல."

உம்மா நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

"நீ எதுக்கு மகன் போத்தல்ல சுமக்குற? அது தன்ட பாட்டுல இஞ்சதானே வந்துக்கிட்டு இரிக்கி. வழியில இரிக்கிறவங்க கெடுக்காம உட்டாச் சரி."

வழியில் இருப்பவர்கள் என்று அவர் யாரையோ சொன்னார். யோசித்துப் பார்த்தால் நாமெல்லோரும் யாரோ ஒருவருக்கு வழியில்தான் இருக்கிறோம். நம் வீட்டுக் கழிவு நீர் போய் விழும் ஓடையைத் தொடர்ந்து விரலை இழுத்தால் இன்னொருவரின் கிணறு வரும். அடுத்த முறை குடத்தைக் கழுவும்போது, உங்கள் ஊருக்குத் தண்ணீர் எந்த மலையிலிருந்து வருகிறது என்று பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். அவர்களின் பாடசாலையில் ஒரு படத்தாள் இருக்கும். பாயில் விரித்துச் சேர்ந்து பாருங்கள். நீலக்கோட்டில் விரலை வைத்து, அது எங்கே தொடங்குகிறது என்று தேடுங்கள்.